எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

கேள்வி:
ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிக்கொண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. தொடக்கத்தில் வேகமாகக் குறைந்த எடை இப்போது சில வாரங்களாக அசையாமல் நிற்கிறது. காலையும் மாலையும் நடக்கிறேன். நடக்கும் நேரத்தை இன்னும் கூட்டினால் எடை மீண்டும் இறங்குமா, அல்லது பளுப் பயிற்சியைத் தொடங்க வேண்டுமா? படியேறும்போது தொடைகளில் முன்பு இல்லாத தளர்ச்சி தெரிவதால் தயங்குகிறேன்.

மறுமொழி 1:
இப்படி இடையிடையே எடை நிற்பது இயல்பானதே. முதல் ஆண்டில் எடை குறைவதற்கு முதன்மைக் காரணம், உண்ணும் அளவு சுருங்குவதும், பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு தாழ்வதும்தான். உடற்பயிற்சி அதில் சேர்ப்பது சொற்பமே. ஆனால் இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் கரைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் தொடைத் தளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே நடையை நீட்டிக்கொண்டே போவதைவிட, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது போன்ற பயிற்சிகளை வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் செய்வதே பயன் தரும் என்பது என் கருத்து. வயிற்றுத் தசையில் குடலிறக்கம் ஏற்படாமலிருக்கவே முதல் 4 முதல் 6 வாரங்களுக்குக் கனமானவற்றைத் தூக்க வேண்டாம் என்கிறார்கள்; நீங்கள் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டாலும், பளுவைக் கையில் எடுக்குமுன் உங்கள் அறுவை மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள். பொதுவாக நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. அது கிடைக்காவிட்டால் பயிற்சியால் மட்டும் தசையை முழுமையாகக் காப்பது கடினம்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் நடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். குறைந்த எடை பின்னாளில் திரும்பி ஏறாமல் காப்பதில் தொடர்ச்சியான உடலுழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தளர்ச்சியைப் பொறுத்தவரை, பயிற்சியை மாற்றுமுன் இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி அளவுகளைப் பரிசோதித்துவிடுவது நல்லது. இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், எடை குறையக் குறைய பழைய அளவு மிகையாகிப் பயிற்சியின் நடுவே தலைசுற்றல் வரலாம்; அளவை மருத்துவரே மாற்ற வேண்டும். சுருங்கிய இரைப்பையில் மொத்தமாகத் தண்ணீர் குடிக்க முடியாதென்பதால், பயிற்சி முடிந்தபின் குடித்துக்கொள்ளலாம் என்று விடாமல் நாள் முழுவதும் சிறு மிடறுகளாகப் பருகி வாருங்கள்.

மறுமொழி 3:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புதிய பயிற்சியால் தசை வலித்தால் ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவோர் உண்டு. இவை இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடியவை. இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் சிறு பகுதியைக் குடலோடு நேரடியாக இணைக்கும் மற்றொரு எடைக்குறைப்பு அறுவை) செய்துகொண்டவர்கள் அறவே தவிர்க்கும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். ஸ்லீவ் செய்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.