நிலம் இல்லாதவருக்குத் தண்ணீர் வாரியத்தில் இடம் உண்டா?

வரப்புக்காரன்:
கலிபோர்னியாவில் சில நீர் வாரியங்களுக்கு இயக்குநராக நிற்க, அந்த எல்லைக்குள் சொந்த நிலம் இருக்க வேண்டும். இதை ஜமீன்தாரி முறை என்று இங்கே ஒரு நண்பர் திட்டியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்க்கால் வெட்டியது நிலத்தின் மேல் போட்ட தீர்வையில். கட்டாவிட்டால் ஏலத்துக்குப் போவதும் நிலம்தான். வாடகைக்கு இருப்பவர் அடுத்த மாதமே வேறு ஊருக்குப் போய்விடலாம். பணம் கட்டுகிறவன் கையில் சாவி இருப்பதில் என்ன தப்பு? 1973-இல் சால்யர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே நிலக்காரர் மட்டும் ஓட்டுப் போடுவதை ஏற்றுக்கொண்டது.

கடைமடை:
திட்டியது நான்தான். அந்தத் தீர்ப்பை முழுசாகப் படியுங்கள் அண்ணே. வழக்கு கலிபோர்னியாவின் துலாரே ஏரிப் படுகை நீர் வாரியத்தைப் பற்றியது, அதன் எல்லை 1,93,000 ஏக்கர். குடியிருப்பவர்கள் 77 பேர், அதில் 18 பேர் குழந்தைகள். நாலு கம்பெனிகள் 85 சதவீத நிலத்தில் பயிர் செய்தன. நில மதிப்பில் நூறு டாலருக்கு ஒரு ஓட்டு என்பதால் ஜே.ஜி. பாஸ்வெல் என்ற விவசாயக் கம்பெனிக்கு மட்டும் 37,825 ஓட்டு. வாரியத்தில் பாதிக்கு மேல் அவர்களே உட்கார வைக்கலாம்.

1969-இல் வெள்ளம் வந்தது. தண்ணீரை புவெனா விஸ்தா ஏரிப் படுகைக்குத் திருப்பலாம் என்ற யோசனையை வாரியம் கிடப்பில் போட்டது. ஏன்? அந்தப் படுகையில் பாஸ்வெல்லுக்கு நீண்டகாலக் குத்தகை இருந்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவருடைய வீடு வெள்ள மட்டத்துக்குப் பதினைந்தரை அடி கீழே. நான் கதை விடவில்லை, நீதிபதி டக்ளஸ் தன் மாறுபட்ட தீர்ப்பில் எழுதியது இது. அவரோடு சேர்த்து மூன்று நீதிபதிகள் அந்தப் பக்கம் நின்றார்கள்.

வரப்புக்காரன்:
ஆறு பேர் இந்தப் பக்கம். அந்த எல்லைக்குள் ஊர் இல்லை, கடை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட் சொன்னதையும் போடுங்கள். வாரியத்துக்குத் தண்ணீரைத் தவிர வேறு வேலை கிடையாது. பெரிய கம்பெனி சின்ன விவசாயியை அமுக்குகிறது என்றால் ஓட்டு எடையை மாற்றுங்கள். நிலமே இல்லாதவரை உள்ளே கொண்டுவர அது காரணம் ஆகாது.

ரிட்டயர்டு ஓவர்சியர்:
இருவரும் ஓட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வி, பதவிக்கு நிற்பது பற்றி. அதற்கு நேரான வழக்கு 1976-இல் வந்தது, சௌத்ரி வழக்கு. கலிபோர்னியாவின் இம்பீரியல் பாசன வாரியத்தில் ஓட்டுப் போட அங்கே குடியிருந்தால் போதும், ஆனால் நிற்க மட்டும் நிலம் வேண்டும். இந்தக் கூத்து அந்த வாரியத்துக்குச் செல்லாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சுவதோடு வீடுகளுக்குக் கரண்டும் விற்கிற வாரியம் அது. தவிர, அங்கே குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் ஏராளம். வயலில் நிற்பவர் ஒருவர், பத்திரம் வைத்திருப்பவர் வேறொருவர். மடையைப் பற்றி இருவரில் யாருக்கு அதிகம் தெரியும்?

வரப்புக்காரன்:
சார், கரண்ட் விற்றால் எல்லாம் மாறிவிடும் என்றால் அரிசோனாவின் சால்ட் ரிவர் வாரியம்? லட்சக்கணக்கான பேருக்கு மின்சாரம் கொடுக்கிறது. அங்கே ஏக்கர் கணக்கில் ஓட்டு. செல்லும் என்று 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

கடைமடை:
5-க்கு 4 என்ற நூலிழையில்! அந்த வாரியத்தின் வருமானத்தில் 98 சதவீதம் மின்சாரத்தில் வந்தது. அந்தக் காசில்தான் தண்ணீர்ச் செலவையே ஈடுகட்டினார்கள். பணம் கட்டுகிறவன் கையில் சாவி என்றீர்களே, அந்த வாரியத்தின் கரண்ட் வாங்கும் ஃபீனிக்ஸ் நகரில் வாடகை வீட்டில் பில் கட்டினவர் கையில் என்ன இருந்தது?

வரப்புக்காரன்:
குத்தகைக்காரர் விஷயத்தில் ஓவர்சியர் சார் சொல்வது நியாயம். பயிர் செய்கிறவருக்கு இடம் கொடுக்கலாம், பத்திரம் கேட்க வேண்டாம். மின்சாரத்தைத் தனி வாரியமாகப் பிரித்துவிடுங்கள், அதற்கு ஊரே ஓட்டுப் போடட்டும். ஆனால் டவுனில் இருப்பவர் முறைப்பாசனத்தைத் தீர்மானிப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைமடை:
தாராளமாகப் பிரியுங்கள். பிரித்த மறுநாள் வாய்க்கால் செலவு முழுக்க ஏக்கர் தீர்வையில் வந்து விழும். அதற்கு உங்கள் நிலக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.