ஹைட்ரஜன்-டியூட்டீரியம் விளக்கு எங்கே பார்க்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். லேசரை வைத்து யுரேனியத்தின் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களைப் பிரிப்பது பற்றிப் பேச்சு வந்தது. "ரெண்டு ஐசோடோப்பும் வேதியியல்ல ஒரே மாதிரிதானே மிஸ், லேசர் மட்டும் எப்படிப் பிரிக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதிலிருந்து வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது.

இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 என்ற ஐசோடோப்பு 0.7 சதவீதம்தான். அணுக்கருவின் எடையும் அளவும் சற்று மாறுவதால், அது உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் துளியூண்டு நகர்கிறது. அந்த அலைநீளத்துக்கே லேசரை வைத்தால் 235 மட்டும் படிப்படியாக ஆற்றல் ஏறி எலக்ட்ரானை இழக்கும். அப்புறம் மின்னூட்டத் தகடு அதை இழுத்துக்கொள்ளும். இவ்வளவும் போர்டில் வரைந்தாயிற்று.

போன வாரம் ஸ்பிரிட்டில் மஞ்சள் தூளைக் கரைத்து, ஸ்டாண்டில் கட்டிய ஊதா லேசரை அடித்தோம். பாட்டிலுக்குள் பச்சைக் கோடு ஜொலித்தது. சிவப்பு லேசருக்கு அப்படி எதுவும் வரவில்லை. பிள்ளைகள் கண்ணை எடுக்கவே இல்லை.

ஆனால் அது வேறு வேறு நிறம். ஐசோடோப்பு வித்தியாசம் அதைவிட எத்தனையோ மடங்கு நுண்ணியது. ஹைட்ரஜன் விளக்கின் ஒளியைப் பிரித்தால் தெரியும் சிவப்புக் கோடு 656.28 நானோமீட்டர், ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்துடையது 656.10. இப்படிப்பட்ட நகர்வைப் பார்த்துத்தான் 1931-ல் ஹரால்ட் யூரே டியூட்டீரியத்தையே கண்டுபிடித்தார். அந்த இரட்டைக் கோட்டைப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் சேர்ந்த விளக்கும், இரண்டு கோட்டையும் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் உள்ள கல்லூரி ஆய்வகம் ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் யாருக்காவது தெரியுமா? ஆறு பேர்தான், ஒரு மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரொம்ப நல்லது. தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து அனுமதி கேட்கிறேன்.