முதுகில் சிவந்தது அலர்ஜியா, வெறும் எரிச்சலா? பேட்ச் டெஸ்ட் அனுபவங்களைப் பகிருங்கள்

தோல் பிரிவு செவிலி, மதுரை:

சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து, டேப்பால் முதுகில் ஒட்டி, எது அலர்ஜி என்று பார்ப்பதுதான் பேட்ச் டெஸ்ட். அதை ஒட்டுவதும் பிரிப்பதும்தான் என் தினசரி வேலை. டேப்பைப் பிரித்ததும் கைப்பேசியில் முதுகைப் படம் எடுக்கச் சொல்வார்கள். சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் போதும், "இதுதான் சிஸ்டர் எனக்கு ஒத்துக்கல" என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். பொருளின் காரம் தாங்காமல் யாருடைய தோலும் சிவக்கலாம், அது எரிச்சல். ஒரு பொருளை உடம்பு முன்பே அடையாளம் கண்டுவைத்து, மறுபடி பட்டதும் எதிர்த்துக் கிளம்புவது அலர்ஜி. இரண்டும் ஒரே முதுகில் பக்கத்துப் பக்கத்தில் வரும் என்பதுதான் சிக்கல்.

கவரிங் கம்மல் போட்டாலே காதில் நீர் வடியும் ஒரு கல்லூரி மாணவிக்கு ஒட்டினோம். 8 மில்லிமீட்டர் அகல அலுமினியக் கிண்ணங்கள், உள்ளே வாஸ்லினில் கலந்த நிக்கல், கோபால்ட் போன்ற சோதனை மருந்துகள், 48 மணி நேரம். பிரித்தவுடன் பார்க்கக் கூடாது. டேப் இழுத்த சிவப்பு அடங்க அரை மணி நேரமாவது விட வேண்டும். அன்று அவள் முதுகில் மூன்று இடம் சிவந்திருந்தது. நிக்கல் இடத்தில் லேசாகத்தான். கோபால்ட் இடத்தில் புள்ளி புள்ளியாக. வாசனைக் கலவை வைத்த இடம்தான் பார்க்கப் பயங்கரம்: கிண்ணத்தின் அளவுக்கு வெட்டியெடுத்த மாதிரி வட்டம், தோல் சிகரெட் தாள் போலச் சுருங்கிப் பளபளவென்று. எரியுது என்றாள்.

நாலாம் நாள் வந்தபோது கதையே மாறியிருந்தது. அந்தப் பயங்கர வட்டம் வாடிச் சருகாகிவிட்டது. நிக்கல் இடமோ வட்டத்தைத் தாண்டிப் பரவி, தடித்து, பொடிப்பொடி நீர்க்கொப்புளங்களுடன் நின்றது. இரவெல்லாம் அரிப்பாம். கோபால்ட் இடத்தில் அந்தப் புள்ளிகளோடு சரி, விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அலர்ஜி என்று எழுதியது நிக்கலை மட்டும்தான்.

விரல் என்று சொன்னேனே, அதுதான் முக்கியம். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, கருமையாகவோ பழுப்பாகவோதான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் தடவினால் தடிப்பு தட்டுப்படும். முடிவைக் குறிக்கும் சர்வதேச அளவுகோலிலும் தடிப்பு இருந்தால்தான் ஒரு பிளஸ், அதாவது அலர்ஜி. வெறும் நிறமாற்றத்துக்குச் சந்தேகக்குறி மட்டும். கைப்பேசிப் படத்தில் தடிப்பு எங்கே தெரியப் போகிறது?

கட்டடச் சைட் மேற்பார்வை, ஓசூர்:

எங்கள் சைட்டில் நடந்ததைச் சொல்கிறேன் அக்கா. பூச்சு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு இரண்டு கையும் வெடித்து ரத்தம் வரும். ஒரு தனியார் இடத்தில் சிமெண்டையே தண்ணீரில் குழைத்து முதுகில் ஒட்டிவிட்டார்கள். புண்ணாகிவிட்டது. "சிமெண்ட் அலர்ஜி, இந்த வேலையை விட்டுவிடு" என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஈர சிமெண்டின் காரத்தன்மை pH 12-க்கு மேல். அதை இரண்டு நாள் மூடி வைத்தால் எழுதிக் கொடுத்தவர் முதுகும் வெந்துதான் போகும்!

ஐம்பது வயதில் வேறு எந்த வேலைக்குப் போவார்? புண் ஆறியதும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே சிமெண்டைத் தொடவே இல்லை. சிமெண்டில் அலர்ஜி உண்டாக்குவது முக்கியமாகக் குரோமியம் என்பதால், பொட்டாசியம் டைகுரோமேட்டை வாஸ்லினில் கலந்து ஒட்டினார்கள். நாலாம் நாளும் ஒன்றுமில்லை, ஏழாம் நாளும் ஒன்றுமில்லை. வெறும் காரமும் உராய்வும்தான் கையைத் தின்றிருக்கிறது. இப்போது உள்ளே துணி வைத்த ரப்பர் கையுறை, வேலை முடிந்ததும் கழுவித் தேங்காய் எண்ணெய். இன்றும் கரண்டி பிடிக்கிறார்.

அதே சைட்டில் இன்னொரு பையனுக்கு டைகுரோமேட் இடத்தில் தடித்துக் கொப்புளமே வந்துவிட்டது. அவனுக்குப் பாதுகாப்புக்கென்று நாங்கள் கொடுத்த தோல் கையுறை போட்டபோதுதான் கை இன்னும் மோசமாகியிருந்தது. தோலை குரோமிய உப்பில் பதனிடுகிறார்களே, அதுவும் சேர்ந்துகொண்டது. அவனைக் கம்பி கட்டும் பக்கம் மாற்றிவிட்டோம், செருப்பும் ரப்பர்தான். ரெண்டு பேர் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அழகு நிலையம் நடத்துபவர், சென்னை:

எங்கள் தொழிலில் ஹேர் டை. பூசிய பத்து நிமிடத்தில் "மண்டை எரியுதுக்கா" என்பவர்களுக்குப் பெரும்பாலும் அம்மோனியா, பெராக்சைடு தரும் எரிச்சல், அலசினால் தணிந்துவிடும். எனக்குப் பயம், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் மறுநாளோ அதற்கடுத்த நாளோ கண் இமை வீங்கி போன் செய்பவர்களைப் பற்றித்தான். அது பிபிடி அலர்ஜி (பிபிடி என்பது டையில் இருக்கும் சாயப் பொருள்). ஒரு வாடிக்கையாளருக்கு வருஷக்கணக்காக ஒத்துக்கொண்ட டைதான் திடீரென்று அப்படி ஆனது. திருவிழாவில் கருப்பு மருதாணி டாட்டூ போட்டுக் கொப்புளம் வந்ததைப் பிறகுதான் சொன்னார். அந்தக் கருப்பிலும் பெரும்பாலும் அதே பிபிடி இருக்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். டையை எடுத்து முதுகில் வைத்து பிளாஸ்திரி ஒட்டி வீட்டிலேயே "டெஸ்ட்" செய்யாதீர்கள். ஏற்கெனவே வீங்கியவர்கள் டையைக் காதோரம் கொஞ்சம் தொட்டு வைத்துப் பார்க்கவும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

வேலூர் வாசகி:

என் கணவருக்கு மே மாதம் ஒட்டினார்கள். வியர்வையில் பாதி டேப் கழன்றுவிட்டது, பிரித்தால் முதுகு முழுக்கப் பொரிப்பொரியாக இருந்தது. ஏழெட்டுப் பொருளுக்கு அலர்ஜி என்று சொன்னார்கள். நம்பலாமா?

தோல் மருத்துவ மேற்படிப்பு மாணவர்:

அம்மா, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் வாஸ்லின் வைத்த கிண்ணம் ஒன்று வழக்கமாக இருக்கும். அந்த இடத்திலும், கிண்ணமே இல்லாத டேப் ஓரத்திலும் அதே பொரி இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் பெரும்பாலும் வேர்க்குருதான். இல்லையென்றால் இன்னொரு வாய்ப்பு: ஒரே ஒரு மருந்து பலமாகக் கிளப்பிவிட்டு, அதன் அண்டை வீடுகளும் சேர்ந்து சிவந்திருக்கலாம். இதில் பெரிய டாக்டர்களே தடுமாறுவார்கள்.

செவிலி அக்கா சொன்ன அடையாளங்களை எல்லா இடத்திலும் அப்படியே பொருத்த முடியாது. ஸ்டீராய்டு களிம்பு அலர்ஜியில் நடு வெறுமையாகவும் ஓரத்தில் மட்டும் வளையமாகவும் வரலாம், ஏனென்றால் நடுவில் இருக்கும் ஸ்டீராய்டே அலர்ஜியை அமுக்கிவிடுகிறது. அந்த வளையத்தை எரிச்சல் என்று ஒதுக்கினால் போச்சு. உலோக உப்புகளில் சீழ்க்கொப்புளம் வரும், அது பெரும்பாலும் எரிச்சல்தான்.

உங்கள் கணவருக்கு முதுகு ஆறிய பிறகு, சந்தேகப்பட்டவற்றை மட்டும் தள்ளித் தள்ளி மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். டாக்டர் ஒரு மருந்தை இன்னும் நீர்க்கச் செய்தும் ஒட்டலாம். எரிச்சலாக இருந்தால் சட்டென்று மறைந்துவிடும், அலர்ஜி சுலபத்தில் விடாது. கழுவாமல் விடும் கிரீம் மேல் சந்தேகம் என்றால், முழங்கையின் உள்மடிப்பில் தினம் இருவேளை இரண்டு வாரம் வரை தடவிப் பார்க்கும் முறை இருக்கிறது. சோப்பு, ஷாம்புவை அப்படித் தடவக் கூடாது. அவர் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நிஜ அலர்ஜியும் மறைந்துபோகலாம். அப்புறம், தேதியை மார்கழி, தை பக்கம் வாங்குங்கள்.