வயசு போனவையின்ரை போனுக்கு அட் பிளொக்கர் போட்டுவிடலாமோ? மரண அறிவித்தலும் சேந்து மறையுது

விசுவமடு_கடைக்காரி

வணக்கம். விசுவமடுவிலை பரந்தன் – முல்லைத்தீவு றோட்டுக் கரையிலை ஒரு சின்னக் கொமினிக்கேசன் வைச்சிருக்கிறன். போட்டோக் கொப்பி, லமினேற், ரீலோட், வயசு போனவைக்கு வட்ஸ்அப் போட்டுக் குடுக்கிறது, இவ்வளவுதான் தொழில்.

கிழமைக்கு நாலு பேராவது “பிள்ளை, போனுக்கை வைரஸாம்” எண்டு சொல்லிக்கொண்டு வருவினம். வாங்கிப் பாத்தால் வைரஸ் ஒண்டுமில்லை. செய்தி வாசிக்கிற சைற்றிலை வந்த விளம்பரம். சிவப்பாய் ஒரு பற்றரி படம், கீழை “இப்பவே சுத்தம் செய்” எண்டு பெரிய பட்டன். மூடுறதுக்கு மூலையிலை எள்ளளவிலை ஒரு பெருக்கல் அடையாளம். மண்வெட்டி பிடிச்ச விரலுக்கு அது அகப்படுமோ? அமத்தினால் விளம்பரத்துக்கை தான் விழும்.

அதாலை போன வருசம் தொடக்கம் ஆரையும் கேக்காமலே பயர்பொக்ஸ் பிரவுசரை இறக்கி, அதிலை யூபிளொக் ஒரிஜின் எண்ட விளம்பரம் மறைக்கிற அட் பிளொக்கரைப் போட்டு விடுறனான். காசும் எடுக்கிறேல்லை. போன கிழமை வரைக்கும் ஒருத்தரும் குறை சொல்லேல்லை.

போன கிழமை வட்டக்கச்சி அம்மா ஒராள் வந்தா. கதிரையைப் போட்டும் இருக்கேல்லை. “நீ என்ரை போனுக்கு என்ன செய்தனி?” எண்டு நிண்டபடியே கேட்டா. காலமைத் தேத்தண்ணியோடை மரண அறிவித்தல் பாக்கிறது அவவின்ரை வழக்கம். எங்கடை சனத்திலை ஆர்தான் பாக்கிறேல்லை? ஊர் பாதி கனடாவிலையும் சுவிசிலையும் கிடக்கு, ஆர் இருக்கினம் ஆர் போட்டினம் எண்டு அதிலைதான் தெரியும். முந்தி இலங்கை வானொலியிலை மரண அறிவித்தல் போகேக்கை எங்கடை வீட்டிலை ஒருத்தரும் கதைக்கப்படாது. கரண்ட் இல்லாத காலத்திலை சைக்கிளைக் கவிட்டு வைச்சு, நான் பெடல் சுத்த, டைனமோவிலை ரேடியோ பாட, அப்பா காது குடுத்துக் கேப்பார். கை நோகுதெண்டு நிப்பாட்டினால் பேச்சு விழும்.

அம்மான்ரை மாமியின்ரை மகள், ஒண்டாய்ப் பள்ளிக்கூடம் போன மச்சாள், ரொறொன்ரோவிலை செத்துப்போனா. அறிவித்தல் சைற்றிலை மூண்டு நாள் கிடந்திருக்கு. கிரியையை லைவ்விலையும் காட்டினவையாம். இவவுக்கு எட்டுச் செலவும் முடிஞ்சாப் பிறகு கோயிலடியிலை ஆரோ சொல்லித்தான் தெரியும்.

சைற்றைத் திறந்து பாத்தன். மேலை ஒரு வெள்ளை இடம், அவ்வளவுதான். பிளொக்கரை நிப்பாட்டினன். வரிசையாய் அஞ்சு முகம் வந்துது. இன்னும் கழட்டாமல் விட்டிருந்தவை, மூண்டாவது அந்த மச்சாள். பெரிய பொட்டு, கண்ணாடி. அம்மா விரலாலை அந்தப் படத்தைப் பெரிசாக்கினா, பிறகு போனைக் கவிட்டு வைச்சிட்டா.

இதுக்கை இன்னொண்டு. அந்தச் சைற்றை நடத்திறது என்ரை சித்தப்பான்ரை மகன். அவனிட்டைச் சொன்னால், “அக்கா, நீ சனத்துக்கு நல்லது செய்யிறன் எண்டு என்ரை சோத்துக்கை மண்ணை அள்ளிப் போடுறாய்” எண்டுறான்.

இனி நான் போடுறதை நிப்பாட்டவோ? வேறை வழி இருக்கோ?

மல்லாவி_மாஸ்டர்

தங்கச்சி, நிப்பாட்டாதேங்கோ. உங்கடை தம்பி கோவிச்சால் கோவிக்கட்டும்.

என்ரை ஐயா இப்பிடி ஒரு விளம்பரத்தை அமத்தி, ஏதோ ஒரு சேவையிலை தெரியாமல் சேந்திட்டார். ஒவ்வொரு நாளும் கொஞ்சக் கொஞ்சமாய்க் காசு கழிஞ்சுது. ரீலோட் போடப் போட வத்துது, ஓட்டைக் குடத்துக்குத் தண்ணி அள்ளின மாதிரி. ரெண்டு மாசத்துக்குப் பிறகுதான் கண்டுபிடிச்சம். தானாய் ஓடுற வீடியோ விளம்பரங்கள் தின்னுற டேற்றா வேறை. அதுக்கும் காசு குடுக்கிறது வாசிக்கிற ஆள்தானே?

அமெரிக்கான்ரை எஃப்.பி.ஐ.யே 2022 டிசெம்பரிலை, தேடல் விளம்பரங்களுக்கை கள்ளர் நிக்கினம், அட் பிளொக்கர் பாவியுங்கோ எண்டு அறிவிச்சது. சந்தையிலை கடையை வாடகைக்கு விட்டவர், உள்ளுக்கை என்ன விக்கிறாங்கள் எண்டு தனக்குத் தெரியாதெண்டு சொன்னால் விடுவமோ? சைற்காரருக்கும் அதுதான்.

மரண அறிவித்தல் மறைஞ்சது கவலைதான். அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை.

கிளிநொச்சி_செய்தி

நான்தான் அந்தச் சித்தப்பா மகன். அக்கா இஞ்சை எழுதியிருக்கிறாவெண்டு ஆரோ லிங் அனுப்பினவை.

மாஸ்டர் சொல்லுறது சரி, அந்தச் சிவப்பு பற்றரி என்ரை சைற்றிலை வந்ததுதான். தமிழ்ச் சைற்றுகளுக்கு கூகிளின்ரை விளம்பரச் சேவை அட்சென்ஸ் வந்தது 2018இலை. அதுக்கு முதல் எங்களைப் போல ஆக்கள் கிடைச்ச விளம்பரக் கொம்பனியளின்ரை கோட் (code) துண்டை வாங்கிச் சைற்றிலை ஒட்டினம். என்ன விளம்பரம் வருமெண்டு எங்களுக்கே தெரியாது. அதிலை ஒண்டை நான் இன்னும் கழட்டேல்லை. காசு கொஞ்சம் வருது, அதுதான் காரணம்.

ஆனால் கணக்கைக் கேளுங்கோ. அந்த விளம்பரங்களுக்கு ஆயிரம் தரம் காட்டினால் இவ்வளவு எண்டு தருவினம். கனடாவிலை இருந்து பாக்கிறதுக்கு ஒரு விலை, வட்டக்கச்சியிலை இருந்து பாக்கிறதுக்கு அதிலை ஒரு நுனி. அம்மா அதைப் பாத்தாலென்ன விட்டாலென்ன, எனக்குப் பெரிசாய் ஒண்டுமில்லை.

மரண அறிவித்தல் அப்பிடியில்லை. குடும்பம் நேரை என்னோடை கதைச்சு, இத்தனை நாளைக்கெண்டு காசு கட்டிப் போடுவிக்கும். அறை வாடகை, ரெண்டு பொடியளுக்குப் பெற்றோல், சேர்வர்க் காசு எல்லாம் அதிலைதான் ஓடுது. செத்தவையாலைதான் உயிரோடை இருக்கிறவையின்ரை செய்தி போடுறன் எண்டு சொல்லலாம். ஊரிலை இருக்கிற சொந்தத்துக்கே அது தெரியேல்லை எண்டு ரொறொன்ரோவிலை அறிஞ்சால், அடுத்த முறை என்னட்டை ஏன் வருவினம்?

வவுனியா_கோட்

அண்ணை, பிழை உங்களிலைதான் எண்டு நினைக்கிறன். சைற்றின்ரை கோட் எழுத்தைத் திறந்து பாத்தன். மரண அறிவித்தல் படங்களை “ஆட்ஸ்” எண்ட ஃபோல்டருக்கை போட்டு, அந்தப் பெட்டிக்கு “டொப் பனர் ஆட்” எண்டு பேரும் வைச்சிருக்கிறியள். பிளொக்கருக்கு முகம் தெரியாது, பொட்டுத் தெரியாது. ஈஸிலிஸ்ட் மாதிரிப் பட்டியலுகளிலை இருக்கிற விலாசங்களையும் பேருகளையும் பாத்துத்தான் வெட்டும். நெத்தியிலை விளம்பரம் எண்டு எழுதி ஒட்டிப்போட்டு, ஏன் வெட்டினதெண்டு கேக்கேலாது. ஃபோல்டருக்கும் பெட்டிக்கும் பேரை மாத்துங்கோ.

அக்கா, உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்டு, அந்தச் சைற்றைத் திறந்து வைச்சுக்கொண்டு பயர்பொக்ஸ் மெனுவிலை யூபிளொக்கைத் தட்டினால், பெரிய பவர் பட்டன் ஒண்டு வரும். அதை அமத்திப் பக்கத்தைத் திரும்பத் திறந்தால் அந்தச் சைற்றிலை மட்டும் பிளொக்கர் ஓயும், மற்றதுகளிலை வேலை செய்யும். ஆனால் அண்ணை சிவப்பு பற்றரியைக் கழட்டும் வரைக்கும் அதுவும் சேந்து வரும்.

மற்றது, ஆண்ட்ராய்ட் 9 தொடக்கம் வந்த போனுகளிலை செற்றிங்குக்கை “பிரைவேற் டீ.என்.எஸ்.” இருக்கு, போன் சைற்றுகளின்ரை விலாசத்தை ஆரிட்டைக் கேக்கிறதெண்டு சொல்லுற இடம். அதிலை விளம்பரம் மறிக்கிற ஒரு சேவையின்ரை பேரைக் குடுத்தால், விளம்பரக் கொம்பனியளின்ரை விலாசங்கள் மட்டும்தான் அடைபடும். மரண அறிவித்தல் அண்ணையின்ரை சொந்த சேர்வரிலை இருந்து வாறதாலை அது அப்பிடியே தெரியும். அட்சென்ஸும் போயிடும், அண்ணை அதுக்குப் பெரிசாய்க் கவலைப்படேல்லை எண்டு எழுதியிருக்கிறார். குரோமை விட மனமில்லாத ஆக்களுக்கும் இது சரிவரும், ஆண்ட்ராய்ட் குரோமிலை யூபிளொக் மாதிரி நீட்சி (எக்ஸ்ரென்சன்) போடேலாதே.

வேறை பிளொக்கருக்கு மாறினால் என்னெண்டு ஆரும் கேக்க முதல்: அட் பிளொக் பிளஸ் 2011 தொடக்கம் “ஏற்கத்தக்க விளம்பரம்” எண்டு சிலதை விடுது, பெரிய கொம்பனியள் அதுக்குக் காசும் கட்டுது. படலையிலை நிக்கிறவருக்குக் கைக்குள்ளை வைச்சுப் போட்டு உள்ளை போற மாதிரி. யூபிளொக் ஒரிஜினைச் செய்த ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்கிறேல்லை.

விசுவமடு_கடைக்காரி

எல்லாருக்கும் நன்றி. மூண்டு நாளாய் நடந்ததைச் சொல்லுறன்.

தம்பி ஃபோல்டரின்ரை பேரை “துயர்” எண்டு மாத்திப்போட்டான். சிவப்பு பற்றரியையும் கழட்டிட்டான். மாஸ்டருக்காகவோ அக்காவுக்காகவோ இல்லை, தன்ரை அம்மா அதை அமத்திப்போட்டு அழுதுகொண்டு கோல் எடுத்தவவாம்.

நான் போடுறதை நிப்பாட்டேல்லை, ஆனால் இப்ப கேட்டுத்தான் போடுறன். “அம்மா, காலமையிலை எதைப் பாக்கிறனியள்?” எண்டு கேட்டு, அந்த ஒண்டு ரெண்டு சைற்றைத் திறந்து, பவர் பட்டனை அமத்திக் காட்டிப்போட்டுக் குடுக்கிறன். ஒரு போனுக்குப் பத்து நிமிசம் கூடப் போகுது. பின்னாலை போட்டோக் கொப்பிக்கு நிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையள் மூச்செறியுதுகள். பிரைவேற் டீ.என்.எஸ். ரெண்டு பேருக்குப் போட்டுப் பாத்தன். ஒராளுக்குச் சரி. மற்றவருக்குச் சிக்னல் குறைஞ்ச இடத்திலை சைற் ஒண்டும் திறக்கேல்லையாம், கழட்டிப்போட்டன்.

வட்டக்கச்சி அம்மா நேற்று வந்தா. இந்த முறை கதிரையிலை இருந்தா. அறிவித்தல் எல்லாம் தெரியுதோ எண்டு பாத்துக் குடுத்தன், மேலையிருந்து கீழை வரைக்கும் உருட்டிப் பாத்தா. நடுவிலை ஒரு சீலைக்கடை விளம்பரம் வந்துது, “இது வரட்டும், கரை வடிவாயிருக்கு” எண்டா.

பிறகு சீலைத் தலைப்பிலை முடிஞ்சு வைச்சிருந்த காசை அவிட்டு மேசையிலை வைச்சா. மச்சாளுக்கு அந்தியேட்டி வருகுதாம், தன்ரை பேரிலை ஒரு நினைவஞ்சலி போடோணுமாம், இது காணுமோ எண்டு கேட்டா. ரெண்டு ஆயிரம் ரூபாத் தாளும் கொஞ்சச் சில்லறையும். தம்பிக்குக் கோல் எடுத்துச் சொன்னன். “படத்தை அனுப்பச் சொல்லு அக்கா” எண்டான். விலை சொல்லேல்லை.