வாசிப்புக் குறிப்பேட்டில் மதிப்பெண் வேண்டுமா?

மடித்தபக்கம்:
2014 முதல் படிக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். பெயர், முடித்த தேதி, ஐந்துக்கு எத்தனை, அப்புறம் ஒரு வரி. போன வாரம் ஒரு நாவலில் நாற்பது பக்கம் போன பிறகுதான் சந்தேகம் தட்டியது. நோட்டைப் புரட்டினால், 2016-லேயே படித்து நான்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்! பக்கத்தில் ‘நல்ல நடை’ என்று இருக்கிறது. எழுதி வைக்காதவர்கள் இன்றைக்கே ஆரம்பியுங்கள். மதிப்பெண்ணையும் விட்டுவிடாதீர்கள்.

ஓரக்குறிப்பு:
குறிப்பு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண் வேண்டாம். நீங்கள் சொன்னதே அதற்குச் சாட்சி. அந்த நான்கு உங்களுக்கு ஒரு காட்சியையாவது ஞாபகப்படுத்தியதா? நானும் மூன்று வருடம் மதிப்பெண் போட்டேன். பாதிப் புத்தகத்திலேயே மனம் ‘இது மூன்றா, மூன்றரையா’ என்று கணக்குப் போடத் தொடங்கிவிடும். அழவைத்த அத்தியாயத்துக்கு நடுவிலும் அந்தக் கணக்கு ஓடியது. அன்றோடு விட்டேன்.

மடித்தபக்கம்:
அது மதிப்பெண்ணின் குற்றம் இல்லை. முடித்த பிறகு போடுங்கள். யாராவது ‘எதைப் படிக்கலாம்’ என்று கேட்டால் ஐந்து வாங்கியவற்றை மட்டும் பார்த்து உடனே சொல்லிவிடுகிறேன். 300 குறிப்புகளை உட்கார்ந்து படிக்க முடியுமா?

நடுவரிசை:
ஒரு விஷயம். வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் இரண்டு நட்சத்திரம் என்றால் ‘பரவாயில்லை’, மூன்று என்றால் ‘பிடித்திருந்தது’. நமக்கோ ஐந்துக்கு இரண்டு என்றதும் நூற்றுக்கு நாற்பது என்று பரீட்சைத் தாள்தான் கண்ணில் வருகிறது. அதனால் பிடித்த எல்லாவற்றுக்கும் நான்கு போட்டுத் தள்ளுகிறோம். என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ஐந்து, மறுபடி படிப்பேன். மூன்று, படித்ததில் வருத்தமில்லை. ஒன்று, பாதியில் வைத்துவிட்டேன். இப்படிப் பொருள் சொல்லாத எண்ணை நானும் நம்பமாட்டேன்.

ஓரக்குறிப்பு:
பாருங்கள், எண்ணுக்கு உயிர் வர நீங்களும் சொல்லைத்தானே தேடிப் போகிறீர்கள்! எபிங்காஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது, திரும்பப் படிப்பதைவிட நீண்ட நாள் நிற்கிறது என்று 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். அதனால் மறுநாள், புத்தகத்தைத் திறக்காமல்தான் குறிப்பு எழுதுகிறேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒன்று: ‘கிணற்றடியில் அக்காள் வாளியை நழுவவிடும் இடம். அது தண்ணீரைத் தொடும் சத்தம் வரும்வரை மூச்சைப் பிடித்திருந்தேன்.’ இதைப் படித்தால் முழு நாவலும் எழுந்து வருகிறது. இதற்குப் பக்கத்தில் எந்த எண்ணை வைக்கச் சொல்கிறீர்கள்?

மடித்தபக்கம்:
அருமையான குறிப்பு. ‘நல்ல நடை’ என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். மறுநாள் எழுதும் பழக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் எண்ணை விடமாட்டேன். 22 வயதில் ஐந்து கொடுத்த நாவல் ஒன்றைப் போன வருடம் திரும்பப் படித்தேன். இரண்டுதான் போட முடிந்தது. பழைய ஐந்தை அடிக்கவில்லை, பக்கத்திலேயே இரண்டைப் போட்டுத் தேதி எழுதினேன். அந்த இரண்டு எண்ணும் அருகருகே நிற்பதைப் பார்க்கும்போது எனக்குள் என்னவோ செய்கிறது. எண் இல்லாமல் இருந்தால் நான் மாறியதே எனக்குத் தெரிந்திருக்காது.

ஓரக்குறிப்பு:
சரி, அது நியாயம். ஆனால் ஏன் இரண்டு? அதை எழுதினீர்களா?

மடித்தபக்கம்:
எழுதவில்லை. இப்போதுதான் நோட்டை எடுத்து எழுதினேன்: ‘அன்று மகன் பேசியதெல்லாம் நியாயமாகப் பட்டது. முந்நூறு பக்கத்தில் அவன் அப்பாவுக்குப் பேச ஒரு வரிகூட இல்லை என்பது இந்த முறைதான் கண்ணில் பட்டது.’