லேடீஸ் பெட்டியில் ஏறும் ஆள்: கேமராப் பதிவை அழியாமல் வைக்க வழி சொல்லுங்கள்

எங்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் பெண்ணுக்காகக் கேட்கிறேன். கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயில், இரவு ஒன்பதரை வாக்கில். லேடீஸ் பெட்டியில் கூட்டம் குறைந்ததும் ஒரே ஆள் ஏறுகிறான். போனை இடுப்பளவில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்கிறான். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியும் பேச்சுக் கொடுத்தபடி நடைமேம்பாலம் வரை பின்னால் வருகிறான். சில வாரங்களாக இதே கதை.

ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்தாயிற்று. ரயில் எண் கேட்டார்கள். மின்சார ரயிலின் ஐந்து இலக்க எண் யாருக்குத் தெரியும்? தேடிச் சொல்வதற்குள் அடுத்த நிறுத்தம், ஆள் இறங்கிவிட்டான். பொதுப்பெட்டிக்கு மாறினாள், அங்கும் வந்தான். ரயில்வே போலீஸிடம் எழுத்தில் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகார் வந்தது என்று மட்டும் காட்டும்) ரசீதோடு சரி. எஃப்.ஐ.ஆர். கேட்டால் "ஓடுற வண்டியில நடந்தது, எங்க லிமிட் இல்லம்மா" என்கிறார்கள். பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைச் சட்டம்) 173-இன்படி எல்லை பார்க்காமல் பதிய வேண்டும் என்று காட்டியும் அசையவில்லை. பெண்கள் பெட்டியில் ஆண் ஏறுவதற்கான ரயில்வே சட்டம் 162 போட்டால் 500 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். நாங்கள் கேட்பது பி.என்.எஸ். (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 78, பின்தொடர்தல். 173(4)-இன்கீழ் எஸ்.பி.க்குப் பதிவுத்தபால் போயிருக்கிறது.

பதில் வருவதற்குள் ரயில் நிலையக் கேமராப் பதிவின் மேல் புதுப்பதிவு ஏறிவிடும். தேதி, நேரம், நடைமேடை எண் எல்லாம் குறித்து வைத்திருக்கிறோம். வழக்கு மாநில ரயில்வே போலீஸிடம், கேமரா ஆர்.பி.எஃப். (மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை) வசம்.

எஃப்.ஐ.ஆர். பதியும் முன்பே அந்தப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லி யாருக்கு எழுதினால் எடுபடும்?