மவுஸ் ஸ்க்ரோல் தானாக மேலே கீழே குதிக்கிறது, அவசரம்

இரவுப்பூ: வணக்கம். கீழே உருட்டினால் இரண்டு வரி இறங்கிவிட்டுப் பக்கம் பட்டென்று மேலே ஏறிவிடுகிறது. 300 பக்க மெய்ப்பு கையில் இருக்கிறது, நாளைக்குள் கொடுக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் வரியே கண்ணிலிருந்து ஓடிவிடுகிறது. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். யாராவது சொல்லுங்களேன்.

பனைவெல்லி: எல்லாம் என்றால் எதெது? வயர் மவுஸா, வயர்லெஸ்ஸா? வாங்கி எத்தனை வருடம்? ஒரு மென்பொருளில் மட்டும் குதிக்கிறதா, எல்லாவற்றிலுமா?

தூரிகை: வயர்லெஸ்ஸாகத்தான் இருக்கும். டாங்கிளை, அதாவது மவுஸின் சிக்னலை வாங்கும் சின்ன ரிசீவரை, யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகியிருக்கிறீர்களா? அந்தப் போர்ட் கிளப்பும் ரேடியோ இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வந்து விழும். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பனைவெல்லி: அதுவாக இருந்தால் பாயின்டரும் திக்கித் திக்கி நகருமே.

தூரிகை: பாயின்டரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

மூத்தவன்: இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, பழைய இழைகளை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து எழுதுவார்? முதலில் வேறு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் குதித்தால் டிரைவர், செட்டிங்ஸ் பேச்செல்லாம் வீண்.

இரவுப்பூ: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். வயர் மவுஸ், 4 வருடம் ஆகிறது. தம்பியின் லேப்டாப்பிலும் அதே கதைதான். பாயின்டர் நன்றாக ஓடுகிறது.

பனைவெல்லி: அப்படியானால் என்கோடர்தான். வீலின் அச்சு போய் நுழையும் சின்னப் பெட்டி அது. பெரும்பாலான மவுஸ்களில் அதற்குள் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். எது முதலில் தொட்டது, எது அடுத்து என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்று மவுஸ் கண்டுபிடிக்கிறது. அழுக்கோ தேய்மானமோ இருந்தால் தொடுகை விட்டுவிட்டு நடக்கும், வரிசை புரண்டு கீழே உருட்டியது மேலே என்று பதிவாகிவிடும்.

கேபிளைக் கழற்றிவிட்டுத் திறங்கள். திருகு வெளியே தெரியாவிட்டால் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே இருக்கும். மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள், சிலவற்றில் உள்ளே ரிப்பன் கேபிள் இருக்கும். அச்சில் முடி சுற்றியிருந்தால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். அப்புறம் என்கோடர் இடுக்கில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, வீலை இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் உருட்டுங்கள். நன்றாக உலர்ந்த பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும்.

மண்வாசல்: அவ்வளவு வேலை எதற்கு? துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை வீல் இடுக்கில் ஒரு அடி அடியுங்கள், போதும்.

மூத்தவன்: தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியை இழுத்துச் சேர்க்கும். காண்டாக்ட் கிளீனர் என்று தனியாகவே விற்கிறார்கள், அது ஆவியாகிவிடும்.

மண்வாசல்: என் மவுஸ் இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

மூத்தவன்: அவருடையது ஆப்டிகல் வீலாக இருந்தால்? பற்சக்கரத்தின் இடைவெளி வழியே ஒளி போய்த்தான் அங்கே எண்ணிக்கை நடக்கிறது. எண்ணெய் தெறித்தால் சென்சார் குருடாகிவிடும்.

மண்வாசல்: முதலில் ஆப்டிகலா என்று கேளுங்கள். அதற்கு முன்பே தீர்ப்பு சொல்கிறீர்கள்.

தூரிகை: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அவருக்கு நாளைக்கு வேலை முடிய வேண்டும். இரவுப்பூ, அதுவரை பேஜ் டவுன் விசையால் ஓட்டுங்கள். வரி வரியாகப் போக அம்புக்குறி விசை போதும்.

இரவுப்பூ: திறந்தேன். அச்சில் நீளமான முடி நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது, அடியில் சாம்பல் நிறத்தில் தூசி. ஆல்கஹால் கையில் இல்லை. முடியை எடுத்துவிட்டு, தூசியைத் தட்டி 5 நிமிடம் உருட்டினேன். குதிப்பது குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. இப்போது 180ஆம் பக்கம், பேஜ் டவுனில் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பனைவெல்லி: ஆல்கஹால் விட்ட பிறகும் நிற்காவிட்டால் என்கோடரையே மாற்ற வேண்டியிருக்கும், அதன் மூன்று உலோகக் கால்களைச் சால்டர் செய்து பற்றவைக்கும் வேலை. வாங்கும் முன் பழையதன் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். உயரம் மாறினால் வீல் மூடியில் உரசும்.